முறுக்கு, தட்டை, சீடையை எண்ணெயில் பொரிக்காமல் ஓவனில் செய்ய முடியுமா?

"அப்பாவுக்குக் கொலஸ்ட்ரால் இருக்கிறது. கிருஷ்ண ஜெயந்திக்கும் தீபாவளிக்கும் செய்யும் காரப் பலகாரங்களை ஓவனில் பேக் செய்தால் ருசி இருக்குமா? உண்மையிலேயே உடம்புக்கு நல்லதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

செய்யலாம், ருசியாகவும் வரும். ஆனால் எல்லாவற்றையும் ஓவனுக்குள் தள்ளக் கூடாது. எங்கள் வீட்டில் சில வருடங்களாகத் தட்டை, ரிப்பன் பக்கோடா, காராசேவ், அவல் மிக்சர் எல்லாம் ஓவனில்தான். சீடைக்கு மட்டும் இன்றும் வாணலிதான். எது எதில் சேரும் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மாவைக் காய்ந்த எண்ணெயில் போட்டதும் சலசலவென்று நுரை பொங்குகிறதே, அது மாவிலிருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியேறுவது. ஆவி வெளியேறிய இடமெல்லாம் சின்னச் சின்னத் துளைகளாகிவிடுகின்றன. மொறுமொறுப்பு அதனால்தான் வருகிறது. அப்புறம் எடுத்து ஆற வைக்கும்போது மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் அந்தத் துளைகளுக்குள் இறங்கிவிடும். ஓவனில் இருப்பது வெறும் சூடான காற்று. எண்ணெய் அளவுக்கு அதனால் வேகமாகச் சூடு ஏற்ற முடியாது. உள்ளே ஆவி கிளம்புவதற்குள் மேல்பக்கம் காய்ந்து இறுகிவிடுகிறது. அதனால் கனமான பலகாரம் கடக்கென்று ஆகிவிடும், மெல்லிசானது நன்றாக வரும்.

சீடை ஓவனுக்குச் சரிப்படாததற்கும் இதுதான் காரணம். உருண்டை என்பதால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர நேரமாகும். ஓவனில் வைத்தால் வெடிக்கிற பயம் இல்லை, ஆனால் கூழாங்கல்லாக இறுகிவிடும். வயதானவர்கள் பல்லுக்கு அது ஆபத்து. கிருஷ்ணருக்கு நைவேத்தியம் செய்ய ஒரு கைப்பிடி சீடை போதும். அதை நல்ல எண்ணெயில் முறையாகப் பொரித்து, ஆளுக்கு நாலு உருண்டை சாப்பிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. முள்ளு முறுக்கும் கைமுறுக்கும் கூட அப்படித்தான். முறுக்கு கட்டாயம் வேண்டும் என்றால் தேன்குழல் அச்சில் சின்ன ஓட்டையாகப் பார்த்து, சுற்றை நெருக்காமல் இடைவெளி விட்டுப் பிழியுங்கள்.

முதல்முறை செய்பவர்களுக்கு நான் தட்டையைத்தான் சொல்வேன். பச்சரிசி மாவு ஒரு கப், பொட்டுக்கடலை மாவு இரண்டு மேசைக்கரண்டி, வறுத்து அரைத்த உளுத்தம் மாவு ஒரு மேசைக்கரண்டி, எள், மிளகாய்த்தூள், பெருங்காயம், பொடியாக நறுக்கிய கறிவேப்பிலை, உப்பு. இதோடு வெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. இந்த வெண்ணெயைக் குறைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். எண்ணெயே இல்லாத பலகாரம் என்று பல வீடியோக்களில் காட்டுகிறார்கள். வெளியிலிருந்து எண்ணெய் ஏறப்போவதில்லை என்னும்போது மாவுக்குள்ளாவது கொஞ்சம் கொழுப்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாயில் கரையாது. வெண்ணெயை மாவில் விரல் நுனியால் நன்றாகத் தேய்த்துப் பிசிறுங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருவம் நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும்.

அடுத்தது தண்ணீர். கொதிக்கக் கொதிக்கக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கரண்டியால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசையுங்கள். அரிசி மாவில் கோதுமையைப் போல இழுவை கிடையாது. கொதிநீர் பட்டால்தான் அதன் மாவுச்சத்து கொஞ்சம் வெந்து ஒட்டும் தன்மை வரும். பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் ஓரம் வெடிக்கும், வெந்த பிறகும் மாவு வாடை அடிக்கும். பிசைந்ததை மூடி, பதினைந்து நிமிடம் விட்டுவிடுங்கள். வழக்கமாகத் தட்டையில் ஊற வைத்த கடலைப்பருப்பு போடுவோம். ஓவனில் அது பல்லைப் பதம் பார்க்கும் அளவுக்குக் காய்ந்துவிடும், அதற்குப் பதில் வறுத்த வேர்க்கடலையைக் கொரகொரப்பாக உடைத்துச் சேருங்கள்.

தட்டும்போது வாழையிலை அல்லது எண்ணெய் தடவிய கவருக்கு நடுவில் வைத்து, கிண்ணத்தின் அடியால் அழுத்துங்கள். 2 மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் போக வேண்டாம். முள்கரண்டியால் ஐந்தாறு இடத்தில் குத்தி, பட்டர் பேப்பர் போட்ட தட்டில் அடுக்கி, மேலே பிரஷ்ஷால் லேசாக எண்ணெய் தடவுங்கள். ஓவனை முன்கூட்டியே 160 டிகிரிக்குச் சூடாக்கி, 20 நிமிடம் ஒரு பக்கம், திருப்பிப் போட்டு இன்னும் எட்டு, பத்து நிமிடம். வீட்டில் வைக்கும் சின்ன மின்சார ஓவன்களில் (ஓ.டி.ஜி.) பெரும்பாலும் பின்பக்கம் சூடு அதிகமாக இருக்கும், அதனால் திருப்பிப் போடும்போதே ட்ரேயையும் முன்பின்னாக மாற்றி வையுங்கள்.

எண்ணெயில் சலசலப்பு அடங்கினால் வெந்துவிட்டது என்று தெரியும். ஓவனில் அந்தச் சத்தம் கிடையாது. ஒன்றை எடுத்து, ஒரு நிமிடம் ஆற வைத்து, நடுவில் உடைத்துப் பாருங்கள். உடைந்த ஓரத்தில் நடுவே ஒரு கோடு மட்டும் கொஞ்சம் கருமையாக, அடர்த்தியாகத் தெரிந்தால் உள்ளே ஈரம் பாக்கி. அப்போது சூட்டைக் கூட்டாதீர்கள். 120 டிகிரிக்குக் குறைத்து இன்னும் பத்து நிமிடம் வையுங்கள். பிறகு ஓவனை அணைத்து, கதவை லேசாகத் திறந்துவிட்டு அப்படியே உள்ளேயே ஆற விடுங்கள். பொறுமையாக விட்டால் கடைசியில் வரும் அந்த மொறுமொறுப்புக்கு ஈடே கிடையாது!

நிறத்தை வைத்து முடிவு செய்வதாக இருந்தால் இளம் பொன்னிறத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாவுப் பண்டங்கள் 120 டிகிரிக்கு மேல் சூடாகும்போது அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உருவாகிறது. நிறம் கருக்கக் கருக்க அது கூடும். பொரித்தாலும் பேக் செய்தாலும் இது பொது.

ரிப்பன் பக்கோடாவுக்கும் காராசேவுக்கும் கடலை மாவு இருப்பதால் ஓவனில் இன்னும் சுலபமாக மொறுமொறுக்கும். அரிசி மாவும் கடலை மாவும் சரிபாதி, ஒரு கப்புக்கு ஒன்றரை மேசைக்கரண்டி சூடான எண்ணெய் என்ற கணக்கு எனக்குச் சரியாக வருகிறது. ஓமப்பொடி மட்டும் கண்கொத்திப் பாம்பாக நின்று பார்க்க வேண்டியது, மெல்லிய இழை என்பதால் சட்டென்று கருகிவிடும். ஏர் ஃப்ரையரில் வைப்பதானால் இழைகள் காற்றில் எழும்பி மேலே இருக்கும் கம்பியில் ஒட்டலாம், கனமான காராசேவுக்கு அது சரி. மைக்ரோவேவ் வைத்திருப்பவர்கள் சூடான காற்றைச் சுழல விடும் கன்வெக்‌ஷன் முறையில்தான் செய்ய வேண்டும்.

இது எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது அவல் மிக்சர். மராட்டியர் வீடுகளில் தீபாவளிக்குப் பொரிக்காமல் வறுத்தே சிவ்டா என்ற அவல் மிக்சர் செய்வார்கள். மெல்லிய அவலைத் தட்டில் பரப்பி 120 டிகிரியில் பத்து, பன்னிரண்டு நிமிடம், விரலால் நசுக்கினால் பொடியாகும் வரை வைத்தால் போதும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் கடுகு, வேர்க்கடலை, பொட்டுக்கடலை, பச்சை மிளகாய், நிறைய கறிவேப்பிலை, கடைசியில் மஞ்சள்தூள், பெருங்காயம் போட்டுத் தாளித்து அவலில் கொட்டிக் கலந்துவிடலாம். பெரிய டப்பா நிறைய வரும், செலவாவது அந்த ஒரு மேசைக்கரண்டி எண்ணெய்தான்.

சிறுதானியம் சேர்க்க விரும்பினால் அரிசி மாவில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மாற்றுங்கள். முழுக்க மாற்றினால் தட்டும்போதே உதிரும். கேழ்வரகு என்றால் நிறத்தை வைத்து வெந்ததா என்று சொல்ல முடியாது, உடைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது உடம்புக்கு நல்லதா என்ற கேள்வி. கடையில் வாங்கும் சேவ், ஓமப்பொடி பாக்கெட்டின் பின்பக்கம் படித்துப் பாருங்கள், 100 கிராமில் 30 கிராமுக்கு மேல் கொழுப்பு என்று இருப்பது சாதாரணம். மேலே சொன்ன தட்டையைக் கணக்குப் போட்டால் அதில் ஏறக்குறைய பாதிதான் வரும். கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்து 4 என்பதால் வித்தியாசம் நிஜமாகவே பெரிது. இன்னொரு லாபம், சுட்ட எண்ணெய் மிஞ்சாது. பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவது கெடுதல் என்பதால்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் அதற்கென்றே ஒரு வரம்பு கொண்டுவந்தது. வெண்ணெயில் இருக்கும், கொலஸ்ட்ராலைக் கூட்டும் பூரிதக் கொழுப்பு அப்பாவுக்கு வேண்டாம் என்று நினைத்தால், அதே அளவு கடலை எண்ணெயையோ நல்லெண்ணெயையோ காய்ச்சி ஊற்றிப் பிசறுங்கள். கரகரப்பு கொஞ்சம் கூடுதலாக இருக்கும், ருசி கெடாது. வனஸ்பதி மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஆனால் ஓவன் உப்பைக் குறைக்காது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழ் உப்பு என்கிறது. பேக் செய்ததுதானே என்று கிண்ணம் கிண்ணமாக மிக்சர் சாப்பிட்டால் அதில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். நான் உப்பைக் கால் பங்கு குறைத்துவிட்டு ஓமம், மிளகு, சீரகம் கூட்டிப் போடுகிறேன், குறை தெரிவதில்லை. அரிசி மாவின் மாவுச்சத்தும் அப்படியேதான் இருக்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரையும் இருந்தால் அளவு பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். மாலை டீயோடு இரண்டு தட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள், டப்பாவை அவர் பக்கத்தில் வைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. தீபாவளி வருவது ஐப்பசி மழையில். பேக் செய்த பலகாரம் பொரித்ததை விடச் சீக்கிரம் நமுத்துப்போகும். முழுக்க ஆறிய பிறகு காற்று புகாத எவர்சில்வர் டப்பாவில் போட்டு ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். நமுத்தால் 120 டிகிரியில் ஐந்தாறு நிமிடம் வைத்து எடுங்கள், மறுபடி மொறுமொறுத்துவிடும்.