முள்ளில்லாத முள்மரம்

அன்புள்ள அக்கா,

போன வாரம் உடுமலையிலிருந்து மறையூருக்குக் காரில் வந்தோம். சின்னாறு சரணாலயம் என்று போர்டு இருக்கிறது, உள்ளே காட்டைத்தான் காணோம். வெறும் முள்ளும் கல்லும். மனசு கேட்கவில்லை. நண்பர்கள் சேர்ந்து ஆயிரம் விதைப்பந்து செய்து மழைக்கு முன்னால் வீசலாம் என்றிருக்கிறோம். வேம்பு, புங்கன், குல்மொஹர் போதுமா? எந்த மாதம் வரலாம்? வழியில் எடுத்த ஒரு முள்மரத்தின் படத்தையும் அனுப்பியிருக்கிறேன்.

திருப்பூரிலிருந்து ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

பரண் ஒழிக்கும்போது அம்மாயியின் அரப்புச் சல்லடை கிடைத்தது. மறுநாள் உங்கள் படம் வந்தது. அதனால்தான் மற்ற கடிதங்களைத் தள்ளி வைத்துவிட்டு இதற்கு எழுதுகிறேன்.

நீங்கள் முள்மரம் என்று அனுப்பியிருப்பது உசிலை. அதற்கு முள்ளே கிடையாது. படத்தைப் பெரிதாக்கி ஒரே ஒரு முள் காட்டுங்கள், பார்க்கலாம். கொங்குநாட்டுக்காரர் நீங்கள், எண்ணெய் தேய்த்தால் தலைக்கு என்ன போடுவீர்கள்? அந்த அரப்பு இந்த மரத்து இலைதான். பாக்கெட்டில் வாங்கித் தேய்த்தவருக்கு மரத்தை அடையாளம் தெரியவில்லை.

அம்மாயி வீடு அமராவதி அணைப் பக்கம். கைக்கு எட்டுகிற கிளையில் மட்டும் உருவி மடியில் கட்டிக்கொண்டு வருவாள். வெயிலில் போட்டால் பச்சை போய்விடும் என்று திண்ணை நிழலில் காயவைப்பாள். உரலில் இடிக்கும்போது தூசி பறந்து வீடே தும்மும். சனிக்கிழமை வடிகஞ்சியில் குழைத்து என் தலையில் அப்பி, "கண்ணத் தொறந்தியோ, அவ்வளவுதான்" என்பாள். நான் திறப்பேன். எரியும். அந்த எரிச்சல் இந்தச் சல்லடையை முகர்ந்தபோதும் வந்தது. பொய்யாக இருக்கலாம், ஆனால் வந்தது.

சரி, காட்டுக்கு வருகிறேன். ஆனைமுடிச் சிகரம் 2,695 மீட்டர் உயரம். தென்மேற்கு மழை மலைக்கு அந்தப் பக்கத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடும். இங்கே வருவது வெறும் காற்று. எங்களுக்கு மழை என்றால் ஐப்பசிதான். அந்த மழைக்கு என்ன வளருமோ அது வளர்ந்து நிற்கிறது: உசிலை, கிளுவை, குடைவேல், விடத்தலை, சூரை. இது காடு அழிந்த இடம் இல்லை தம்பி. இதுதான் காடு. மூணாற்றுப் பச்சையைக் கண்ணில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்தால் மொட்டையாகத்தான் தெரியும். (அந்தப் பச்சையில் பெரும்பகுதி தேயிலை. அதைக் காடு என்பவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை.)

மறையூர்ச் சந்தனத்தை மட்டும் எல்லோரும் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். சந்தனம் அரை ஒட்டுண்ணி. தன் வேரைப் பக்கத்து மரத்தின் வேரில் ஒட்டவைத்து அதன் தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சித்தான் நிமிர்கிறது. உசிலை போன்ற மரங்கள் கொடுப்பதால் அது மணக்கிறது. நீங்கள் வெறும் முள் என்று கடந்துபோனவர்கள்தான் அதன் செவிலித்தாய்கள்.

இங்கே நட்சத்திர ஆமை புல் மேய்கிறது. நீங்கள் ஆயிரம் மரம் வளர்த்து நிழல் கட்டினால் அந்தப் புல் எங்கே போகும்? குல்மொஹர் வேறு! அது மடகாஸ்கர் மரம். இப்படித்தான் அமெரிக்கக் கண்டத்திலிருந்து உண்ணிச்செடியைப் பூ அழகாக இருக்கிறதென்று தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். இன்று மேற்குத்தொடர்ச்சி மலையில் யானை நடக்கிற வழியையும் அது அடைத்துக்கொண்டு நிற்கிறது. கொண்டுவந்தவர்களும் உங்களைப் போல நல்ல மனசுக்காரர்கள்தான். அனுமதியில்லாமல் சரணாலயத்துக்குள் விதை வீசினால் வனத்துறை என்ன செய்யும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள். காரை நிறுத்தி ஒரு உசிலையைப் படமெடுத்த ஆள் நீங்கள். நீங்கள் தெரிந்துகொள்ளாவிட்டால் வேறு யார்?

எந்த மாதம் என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா? கார்த்திகை. சின்னாற்றங்கரை நீர்மருதில் சாம்பல் மலை அணில் இருக்கும், அண்ணாந்து பாருங்கள். வரும்போது அரைக்கிலோ அரப்பு வாங்கி வாருங்கள். சல்லடை இருக்கிறது, இடிக்கத்தான் ஆள் இல்லை.