ஷட்டில் ஆடும்போது மாணவன் சரிந்து விழுந்தால்: கல்லூரி விளையாட்டரங்குக்கு ஓர் அவசர நடைமுறை

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில் ஒரு கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருக்கிறேன். உள்விளையாட்டரங்கும் ஜிம்மும் இருக்கின்றன. நீச்சல்குளம் விரைவில் திறக்கப் போகிறது. சென்ற மாதம் ஷட்டில் ஆடிக்கொண்டிருந்த மாணவன் ஒருவன் திடீரென்று விழுந்து கைகால் உதறினான். வலிப்பு என்று நினைத்து ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார், இன்னொருவர் சோடா புகட்டப் போனார். கடைசியில் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். பையன் பிழைத்துக்கொண்டான். இப்போது நிர்வாகம் எழுத்தில் ஒரு நடைமுறை கேட்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பையன் நலமாக இருக்கிறான் என்று படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. நீங்கள் எழுதியதில் அந்தக் கைகால் உதறலில் இருந்தே தொடங்குவோம்.

ஓடியாடிக்கொண்டிருந்த ஒருவர் சட்டென்று சரிந்து உதறினால் நம்மில் யாருக்கும் முதலில் தோன்றுவது வலிப்புதான். ஆனால் இதயம் நின்றுபோனாலும் மூளைக்கு ரத்தம் போகாமல் சில நொடிகள் அதே மாதிரி உதறல் வரும். கூடவே குறட்டை போல, விட்டு விட்டு ஓர் இழுப்பு வரும். சுற்றி நிற்பவர்கள் "மூச்சு இருக்கு" என்று ஆறுதல் அடைந்துவிடுவார்கள். அந்த இழுப்பால் உடம்புக்கு ஒரு பயனும் இல்லை. பரம்பரையாக இதயத் தசை தடிக்கும் நோய் உள்ள இளைஞர்களுக்கும், நெஞ்சில் கிரிக்கெட் பந்து பட்டவர்களுக்கும் இப்படி நேர்வது உண்டு. ஆகவே உங்கள் நடைமுறையின் முதல் வரி இதுவாக இருக்கட்டும்: தோளைத் தட்டிக் கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு இயல்பாக இல்லை என்றால் இதயம் நின்றதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். இதைப் பார்க்க 10 நொடிக்கு மேல் செலவழிக்கக் கூடாது.

அடுத்தது சிபிஆர், அதாவது நெஞ்சைக் கையால் அழுத்தி ரத்தத்தை ஓட வைக்கும் முதலுதவி. தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சின் நடுவில் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுவதும் மேலே வர விட வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுங்கள், இல்லையென்றால் கை தளர்ந்து அழுத்தம் குறைந்துவிடும். எதுவுமே செய்யாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 சதவீதத்தைத் தின்றுவிடும். ஆட்டோ வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். ஆட்டோவின் பின்சீட்டில் சிபிஆர் செய்ய முடியாது. சாயங்கால நெரிசலில் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்பது உங்களுக்கே தெரியும்.

உண்மையிலேயே வலிப்பாக இருந்தால்? உதறல் நின்றதும் மூச்சு சீராக வரும். அப்போது ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும். உதறும்போது கைகாலைப் பிடித்து அமுக்க வேண்டாம், சுற்றியிருக்கும் பெஞ்சு, நெட் கம்பம் எல்லாவற்றையும் நகர்த்துங்கள். வாயில் எதையும் வைக்கவும் கூடாது, ஊற்றவும் கூடாது. 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108. சாவிக்கொத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானாகவே நிற்கும். கையில் சாவி இருந்த நேரத்தில் நின்றதால் அந்தப் பெயர் சாவிக்குப் போய்விட்டது. இரும்புக்கும் வலிப்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை. உங்கள் மாணவனுக்கு வந்தது எது என்று இதய மருத்துவர் ஈசிஜி, எக்கோ பார்த்துச் சொல்லும் வரை அவனை மறுபடி ஆட விடாதீர்கள்.

சரி, இனி ஆட்கள். ஒருவர் விழுந்தால் முப்பது பேர் சுற்றி நிற்பார்கள், யாரோ போன் செய்துவிட்டார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் மூன்று பேரின் பெயரைப் பலகையில் எழுதிப் போடுங்கள். முதல் ஆள் விழுந்தவரின் பக்கத்திலேயே இருப்பவர், சிபிஆர் அவருடைய வேலை. இரண்டாம் ஆள் 108-ஐ அழைத்துவிட்டு முதலுதவிப் பெட்டியோடு திரும்பி வருபவர். மூன்றாம் ஆள் கேட்டுக்கு ஓடி, அதைத் திறந்து வைத்து, ஆம்புலன்ஸை அரங்கின் வாசல் வரை கூட்டி வருபவர். இந்த மூன்றாம் ஆளை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். நான் பயிற்சி கொடுக்கப் போன ஒரு கல்லூரியில் ஒத்திகையின்போது எல்லாம் சரியாக நடந்தது, பக்கவாட்டு கேட்டின் சாவி மட்டும் வாட்ச்மேனோடு டீக்கடையில் இருந்தது. ஏழு நிமிடம் போனது. அன்று தரையில் கிடந்தது பொம்மை.

108-ஐ அழைத்தால் போனை எடுப்பவர் சென்னையில் இருப்பார். "குருசடி முக்கில் இருந்து உள்ளே வாங்க" என்றால் அவருக்கு விளங்காது. மாவட்டம், வட்டம், ஊர், கல்லூரிப் பெயர், எந்த கேட் என்று அந்த வரிசையில் ஒரு அட்டையில் அச்சடித்துப் போன் பக்கத்தில் ஒட்டுங்கள். குருசடி, முக்கு போன்ற உள்ளூர் அடையாளங்கள் எல்லாம் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் கூப்பிடும்போது உதவும். எண்கள் செல்போனில் மட்டும் இருந்தால் போதாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது கரண்டும் போனும் இல்லாமல் இந்த மாவட்டம் நாள்கணக்கில் தவித்தது நினைவிருக்கும்.

நிர்வாகத்திடம் பணம் கேட்க முடிந்தால் முதலில் ஏஇடி கருவியைக் கேளுங்கள். நெஞ்சில் இரண்டு பட்டைகளை ஒட்டினால் இதயத் துடிப்பைத் தானே பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் மின்னதிர்வு கொடுக்கச் சொல்லும் கருவி அது. விழுந்து மூன்று நிமிடத்துக்குள் எடுத்து வரக்கூடிய இடத்தில் பூட்டில்லாமல் தொங்க வேண்டும். பட்டைக்கும் பேட்டரிக்கும் காலாவதித் தேதி உண்டு, மாதம் ஒருமுறை பாருங்கள்.

கேட்கத் தயங்கும் ஒரு விஷயமும் இருக்கிறது. விழுந்தது மாணவி என்றால் நெஞ்சில் கை வைக்க ஆண்கள் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது, ஆனால் அது உயிரை எடுத்துவிடும். மாணவிகள் வரும் நேரத்தில் பயிற்சி பெற்ற பெண்கள் இருவராவது இருக்கட்டும். அவர்கள் வரும் வரை காத்திருக்கக் கூடாது, அருகில் இருப்பவர் தொடங்க வேண்டும். மற்ற மாணவிகள் துப்பட்டாவையோ துண்டையோ பிடித்து மறைத்துக்கொள்ளலாம். இதை நடைமுறையிலேயே எழுதி முதல்வரின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். அப்புறம் யாரும் பழிக்குப் பயப்பட வேண்டியிருக்காது.

நீச்சல்குளத்துக்குத் தனிப் பக்கம் வேண்டும். நம்ம பிள்ளைகள் பாதிப்பேர் ஊர்க்குளத்தில் நீந்தி வளர்ந்தவர்கள், அதனாலேயே துணிச்சல் அதிகம். மூச்சை வேகவேகமாக இழுத்து விட்டுவிட்டு அடியில் நீந்தும் போட்டியை அடியோடு தடை செய்யுங்கள். அப்படிச் செய்தால் மூச்சு முட்டும் உணர்வு வருவதற்கு முன்பே நினைவு தப்பிவிடும், மேலே எந்தச் சத்தமும் வராது. நீந்துபவர்களைக் கண்காணிக்கும் உயிர்காப்பாளர் (லைஃப்கார்டு) இல்லாத நேரத்தில் குளத்துக் கதவு பூட்டியிருக்க வேண்டும். மூழ்கியவரைத் தூக்கியதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, தலைகீழாகச் சுற்றுவது இரண்டுமே கூடாது. மூச்சில்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து இரண்டு முறை ஊதி, பிறகு 30 அழுத்தம், 2 மூச்சு என்று தொடர வேண்டும். ஷட்டில் கோர்ட்டில் விழுந்தவருக்குக் கையால் அழுத்துவது மட்டும் போதும், தண்ணீரில் மூழ்கியவருக்கு மூச்சும் கொடுக்க வேண்டும். இன்னொன்று, பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒரே அறையில் வைக்காதீர்கள். கலந்தால் குளோரின் வாயு வரும், அது தரையோடு தங்கும்.

வெயிலையும் சொல்ல வேண்டும். இங்கே கடல்காற்றின் ஈரத்தில் வியர்வை காயாது, தகரக் கூரை அரங்கில் உடம்புச் சூடு இறங்க வழியே இல்லை. ஆடிக்கொண்டிருப்பவர் தள்ளாடினால், சம்பந்தமில்லாமல் பேசினால் வெப்பத்தாக்கு என்று சந்தேகப்படுங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை காத்திருக்காமல் ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் கழுத்து வரை இறக்கி, தலையை ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். தொட்டி இல்லையென்றால் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள்.

இடி கேட்டால் மைதானத்தையும் குளத்தையும் உடனே காலி செய்ய வேண்டும். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் யாரும் வெளியே வரக் கூடாது. சித்திரை வைகாசி மாலைகளிலும் ஐப்பசியிலும் இது அடிக்கடி தேவைப்படும். தென்னை மரத்தடியில் ஒதுங்குவது மிக ஆபத்து.

ஜிம்முக்கு அதிகம் இல்லை. தனியாக யாரும் பெஞ்ச் பிரஸ் (மல்லாக்கப் படுத்து எடை தூக்குவது) செய்யக் கூடாது, டிரெட்மில் இருக்கும் லைனில் மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி வேண்டும், பின்வாசலில் பூட்டு தொங்கக் கூடாது. ஆஸ்துமா உள்ளவர்களின் இன்ஹேலர் லாக்கரில் இல்லாமல் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இவ்வளவையும் எழுதிய பிறகு, செமஸ்டருக்கு இரண்டு முறையாவது சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பொம்மையைத் தரையில் போட்டுவிட்டு ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள். ஒருமுறையாவது மாலை ஆறு மணிக்கு மேல் செய்யுங்கள், அலுவலகம் பூட்டியிருக்கும் நேரத்தில். முதல் அழுத்தம் விழ எத்தனை நொடி, ஏஇடி வர எத்தனை நிமிடம், கேட் எப்போது திறந்தது என்று மூன்று எண்களையும் தேதியோடு நோட்டில் குறியுங்கள். நிர்வாகம் கேட்கும் நடைமுறையோடு அந்த நோட்டின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள்.