இங்கிலிஷ் லாங்குவேஜ் ஆய்வுக்கு எந்தத் தலைப்பு இலேசு என்று கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்து பத்து மாதம் என்கிறீர்கள். மகன் இயர் 12. ஏ லெவலுக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்திய பரீட்சைக்கு, எடுத்த பாடங்களில் ஒன்று இங்கிலிஷ் லாங்குவேஜ். கோடை விடுமுறை முடிவதற்குள் ஆய்வுக்கு ஒரு தலைப்போடு வரச் சொல்லியிருக்கிறார்களாம். "இலேசான தலைப்பு ஒன்று சொல்லுங்கோ அக்கா, மகள் செய்ததையும் அனுப்பிவிடுங்கோ" என்று கேட்டிருந்தீர்கள். என் மகள் செய்ததை அனுப்ப மாட்டேன், கோபிக்க வேண்டாம். அதற்குப் பிறகு வருகிறேன்.

இது லிட்டரேச்சர் பாடம் இல்லை. எங்கள் வீட்டிலும் அந்தக் குழப்பம் வந்தது. மகளுக்கு ஆய்வு என்றதும் என் மனுசன் ஷேக்ஸ்பியர் நோட்ஸ் இரண்டு வாங்கிக்கொண்டு வந்தார். அவை இன்னும் பிரிக்காமல் அலுமாரிக்கு மேலே கிடக்கின்றன. இங்கே கேட்பது வேறு. மனிதர்கள் ஆங்கிலத்தை உண்மையில் எப்படிப் பேசுகிறார்கள், எழுதுகிறார்கள் என்பதைப் பிள்ளை தானே சேகரித்து, தானே பிரித்துப் பார்க்க வேண்டும். மகளின் தேர்வு வாரியம் ஏ.கியூ.ஏ. அதில் ஆய்வு 2,000 சொல், சேகரித்த தரவு அந்தக் கணக்கில் வராது. கூடவே சொந்தமாக எழுதும் ஒரு ஆக்கமும் அதற்கான விளக்கமும் சேர்ந்து 1,500 சொல். இரண்டுக்கும் சேர்த்து முழுப் பாடத்தில் 20 வீதம். ஓ.சி.ஆர் என்ற வாரியம் என்றால் அமைப்பு வேறு, அங்கே ஆய்வோடு ஒரு போஸ்டரும் உண்டு. மகனுக்கு எது என்று பள்ளியில் கேளுங்கள்.

மகள் முதலில் எடுத்த தலைப்பு "ஆண்களும் பெண்களும் பேசுவதில் உள்ள வித்தியாசம்". வகுப்பில் பாதிப் பேர் இதைத்தான் எடுத்துக்கொண்டு வந்தார்களாம். பெண்களின் பேச்சைப் பற்றி மொழியியலாளர் ரொபின் லேக்கொஃப் 1975இல் எழுதியது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது, அதைப் படித்தவுடன் தலைப்புக் கிடைத்துவிட்டது போல ஒரு எண்ணம் வரும். ஆசிரியை கேட்டது ஒரே கேள்வி: "எந்த ஆண், எந்தப் பெண், எந்த இடத்தில், யாரோடு?" இவளிடம் பதில் இல்லை. தரவு எங்கிருந்து வரும் என்று யோசிக்காமல் தலைப்பை முடிவு செய்தால் இப்படித்தான் முட்டிக்கொண்டு நிற்க வேண்டிவரும்.

பிறகு தலைப்புக் கிடைத்தது என் தம்பியின் கடையில். அவன் வந்த புதிதில் ஒரு நாள் கொதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். ஒரு வெள்ளைக்காரக் கிழவர் மிச்சக்காசை வாங்கிக்கொண்டு தன்னை "டா" என்றாராம். "நான் என்ன அவற்ற வீட்டு வேலைக்காரனோ?" என்று ஒரே சத்தம். அது இங்கே நன்றி சொல்கிற ஒரு சொல் என்று விளங்க அவனுக்கு ஒரு கிழமை எடுத்தது. இந்தக் கதையை வீட்டில் சொல்லிச் சிரிக்கிறபோதுதான் மகளுக்குப் பொறி தட்டியது: கடையில் நன்றி சொல்ல யார் தாங்க்யூ என்கிறார்கள், யார் சியர்ஸ், யார் டா?

மூன்று சனிக்கிழமை கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு இருந்தாள். பெயர் இல்லை, பதிவு இல்லை. கொப்பியில் கோடு மட்டும் போட்டாள். 1962இல் வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் நியூயோர்க்கில் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். மூன்று பெரிய கடைகளுக்குப் போய், நான்காம் மாடியில் இருக்கிற ஒரு சாமானைக் கேட்பார். "ஃபோர்த் ஃப்ளோர்" என்று பதில் வரும். காது கேளாதவர் போல இன்னொரு முறை கேட்டுவிட்டு, அந்தப் பக்கம் தள்ளிப்போய், 'ர்' ஒலித்ததா இல்லையா என்று குறித்துக்கொள்வார். மகளுக்கு அவர் மேல் அப்படி ஒரு மரியாதை வந்துவிட்டது.

ஆனால் கோடு எண்ணினால் மட்டும் போதாது, பேச்சையும் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசிரியை சொல்லிவிட்டா. அதனால் வழக்கமாக வருகிற நான்கு பேரிடம் கையெழுத்து வாங்கிப் பதிவு செய்தாள். முதல் பதிவு முழுக்கப் பால் வைக்கிற பிரிட்ஜின் இரைச்சல். இரண்டாவது நன்றாக வந்தது. பத்து நிமிடப் பேச்சை எழுத்தில் இறக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. முற்றுப்புள்ளி, கமா கிடையாது. எத்தனை விநாடி மௌனம் என்று அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். "உம்", "ஆ" எதையும் விடக்கூடாது. அதை எழுதும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. சியர்ஸ் என்கிறவருக்குத் தம்பியும் சியர்ஸ் என்கிறான். "தாங்க்யூ டியர்" என்கிற பாட்டிக்குத் "தாங்க்யூ மை டியர்" என்கிறான். தான் அப்படிச் செய்வது அவனுக்கே தெரியாது! எதிரில் இருப்பவரின் பேச்சுக்குத் தன் பேச்சை வளைத்துக் கொடுப்பதைப் பற்றி ஹவர்ட் ஜைல்ஸ் என்பவருடைய கோட்பாடு ஒன்று இருக்கிறது. வயதுக்கும் சொல்லுக்கும் தொடர்பு இருக்கும் என்று மகள் முதலில் எழுதிய கருதுகோள் சரிவரவில்லை. அது சரிவரவில்லை என்று எழுதியதற்காக யாரும் புள்ளி குறைக்கவில்லை.

இப்போது உங்கள் மகன். இங்கே பிறந்த பிள்ளைகளோடு போட்டி போட அவனுடைய ஆங்கிலம் காணாது என்று பயப்படுகிறீர்கள். இந்த ஒரு வேலையில் அவனுக்குத்தான் வசதி அதிகம் என்பேன். "யூ ஓல்ரைட்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போகிறார்களே, அது இங்கே வளர்ந்தவர்களின் காதில் விழுவதே இல்லை. புதிதாக வந்தவனுக்குத்தான் அது உறுத்தும்.

உங்கள் சின்ன மகளுக்கு ஆறு வயது என்று எழுதியிருந்தீர்கள். நான் மகனின் இடத்தில் இருந்தால் அவளை விட்டு வேறு இடத்தில் தரவு தேட மாட்டேன். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'அ' (a), 'த' (the) என்று வருகிற அந்தக் குட்டிச் சொற்கள் தமிழில் இல்லை. அவள் எங்கே அவற்றை விடுகிறாள், எங்கே போடத் தொடங்குகிறாள்? 'வென்ற்' (went) என்பதற்குப் பதில் 'கோட்' (goed) என்கிறாளா? குழந்தைகள் விதியைப் பிடித்துக்கொண்டு புதுச் சொல்லிலும் அதைப் பொருத்துவார்கள் என்பதை ஜீன் பெர்கோ என்ற ஆய்வாளர் 1958இல், 'வக்' (wug) என்ற இல்லாத ஒரு பிராணியின் படத்தைக் காட்டியே நிறுவினார். ஞாயிறு தோறும் ஒரே படப்புத்தகத்தைக் காட்டி, பத்து நிமிடம் கதை சொல்லச் சொல்லிப் பதிவு செய்தால், ஓகஸ்ட் முடிய ஆறேழு பதிவு சேர்ந்துவிடும். அனுமதிக் கையெழுத்துப் போடப் போவதும் நீங்கள்தான். தொடங்குவதற்கு முன் ஆசிரியரிடம் தலைப்பைக் காட்டி ஓம் என்று சொல்லச் செய்யட்டும்.

ஒரு சொல்லை மட்டும் வீட்டில் விட்டுவிடுங்கள்: 'பிழை'. சின்னவள் பிழையாகக் கதைக்கிறாள், லண்டன் பிள்ளைகள் பிழையான இங்கிலிஷ் கதைக்கிறார்கள் என்று எங்கள் வாயில் தானாக வரும். மகன் அப்படி எழுதினால் புள்ளி போய்விடும். லண்டன் இளைஞர்களின் பேச்சைப் பதிவு செய்த ஜெனி செஷயர், போல் கெர்ஸ்வில் என்ற மொழியியலாளர்களின் குழுவினர், "மேன்" என்ற சொல்லை 'நான்' என்ற பொருளில் சில பிள்ளைகள் பயன்படுத்துவதைப் பார்த்தார்கள். நாங்கள் என்றால் காதைப் பொத்தியிருப்போம். செஷயரோ ஆங்கிலத்தில் ஒரு புதுப் பிரதிப்பெயர் உருவாகிறது என்று கட்டுரை எழுதினார்.

நண்பர்களின் வாட்ஸ்அப் செய்தி எடுக்கலாமா என்று மகன் கேட்டால், ஒவ்வொருவரிடமும் அனுமதி வாங்கச் சொல்லுங்கள், பெயர்களை மாற்றவும் சொல்லுங்கள். பெரிய தலைவர்களின் மேடைப் பேச்சு எனக்குப் பிடிக்காது. வேறு யாரோ எழுதிக் கொடுத்ததை அவர்கள் வாசிக்கிறார்கள், அதில் பையன் என்னத்தைப் பிடிப்பான்? ரியூஷனுக்கு அனுப்பிச் செய்விக்கவும் வேண்டாம். இது பிள்ளையின் சொந்த வேலை என்று மாணவரும் ஆசிரியரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அதனால்தான் மகளின் கோப்பைத் தர மாட்டேன் என்றேன். அதிலிருந்து இரண்டு பந்தி அவனுடையதில் வந்துவிட்டால் அவனுக்குத்தான் ஆபத்து.

மகளிடம் சின்னப் பதிவுக் கருவி ஒன்று இருக்கிறது, அதை வேண்டுமானால் தருகிறேன். சனிக்கிழமை பின்னேரம் தம்பியின் கடைக்கு வரச் சொல்லுங்கள். பிரிட்ஜுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்க வேண்டாம்.