தோட்டக்காரன் வேலை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தாவரக் கடத்திப் புரதங்களை, அதாவது செல்லுக்குள்ளும் வெளியேயும் பொருட்களைக் கொண்டுபோகும் புரதங்களை, ஆராயும் திட்டமொன்றில் பிஎச்டி மாணவனாகச் சேர்ந்திருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த எங்களுக்கு விதை போடுவதும் தண்ணீர் ஊற்றுவதும்தான் வேலை. சீனியர்களோ புரதத்தின் அமைப்பைத் திரையில் சுழற்றிப் பார்க்கிறார்கள். கடைசிவரை நான் தோட்டக்காரன்தானா? நிரல் எழுதக் கற்பதா, வேறு ஆய்வகம் தேடுவதா? இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

சேர்ந்த சூட்டோடு வேலையைப் பற்றி என்ன கேள்வி? அதை விடுங்கள். நிரல் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் 'தோட்டக்காரன்' என்று எழுதினீர்களே, அதுதான் எரிச்சலைக் கிளப்பியது.

வேர் நைட்ரேட்டை உள்ளிழுக்கக் கதவாக இருக்கும் புரதங்களில் ஒன்று சிஎச்எல்1. அதற்கான தடயம் கிடைத்தது செடித் தட்டில். குளோரேட் உப்பும் நைட்ரேட் போகும் வழியிலேயே உள்ளே போகும். போனதும், நைட்ரேட்டை மாற்றும் அதே நொதி அதை விஷமாக்கிவிடும். 1970களில், ஆய்வகங்களில் வழக்கமாக வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடிகளுக்குக் குளோரேட் கொடுத்துப் பார்த்தார்கள். மற்றவை வெளுத்துச் செத்தன, சில மட்டும் பச்சையாக நின்றன. அவற்றில் சிலவற்றுக்கு நொதி பழுது, சிலவற்றுக்குக் கதவே பழுது. அந்தக் கதவின் மரபணு 1993இல்தான் கைக்கு வந்தது. அமைப்பு தெரிந்தது 2014இல். செடியைக் குனிந்து பார்த்ததற்கும் திரையில் சுழற்றியதற்கும் நடுவே ஏறக்குறைய நாற்பது வருஷம்!

சிஎச்எல்1 சேர்ந்த புரதக் குடும்பத்தில் அராபிடாப்சிஸுக்கு மட்டும் 53 புரதங்கள். ஒன்றின் மரபணுவை உடைத்தால் பல நேரம் இன்னொன்று சமாளித்துவிடும். சர்க்கரையைக் கடத்தும் ஸ்வீட்11, ஸ்வீட்12 இரண்டில் ஒன்றை மட்டும் உடைத்தால் செடி சாதாரணமாகவே இருக்கும். இரண்டையும் உடைத்தால்தான் சர்க்கரை இலையிலேயே தேங்கி, செடி சிறுத்துப்போகும். உங்களுக்கும் இது நடக்கும். ஆசையாக வளர்த்த பிறழ்வுச் செடி, அதாவது மரபணு உடைந்த செடி, பக்கத்துச் செடியைப் போலவே நிற்கும். உடனே ஆய்வு தோற்றது என்று இன்னொரு கடிதம் எழுதாதீர்கள். நைட்ரேட்டைக் குறைப்பதா, உப்பைக் கூட்டுவதா, இருட்டை நீட்டுவதா? எதைச் செய்தால் வித்தியாசம் வெளிவரும் என்று செடி வளர்த்த கைக்குத்தான் தோன்றும்.

நான் ஆய்வகத்தில் இருந்த காலத்தில் ஒரு அக்கா இருந்தார். செங்குத்தாக நிறுத்தி வளர்த்த அகார் தட்டை (ஜெல்லி ஊற்றிச் செடி வளர்க்கும் தட்டு) எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பார். "இந்த வரிசைக்கு உடம்பு சரியில்லை" என்பார். எனக்கு எல்லாம் ஒரே மாதிரி வெள்ளை வேராகத் தெரியும். அளந்து பார்த்தால் அந்த வரிசையில் பக்கவேர்கள் குறைவாக இருக்கும். அவர் அதை எப்படிப் பார்த்தார் என்று இன்றும் அவ்வப்போது யோசிப்பேன். உங்கள் கடிதம் வந்தபோதும் அதே யோசனைதான்.

சரி. இயல்புச் செடியையும் பிறழ்வுச் செடியையும் ஒரே தட்டில் போடுங்கள். தட்டுகளை அவ்வப்போது இடம் மாற்றி வையுங்கள், விளக்கு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எரியாது. அப்புறம், பெயரை மூடியில் எழுதாதீர்கள், தட்டின் அடியில் எழுதுங்கள். மூடிகள் மாறிப்போகும்.