ஹைட்ரஜனைப் பிடித்து வைப்பது – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேதியியலாளர் கூபாஸ் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஹைட்ரஜன் மூலக்கூறு உடையாமலே டங்ஸ்டனில் ஒட்டிக்கொண்டதைப் பெரிய கண்டுபிடிப்பு என்கிறீர்கள். எம்.எஸ்சி. படிக்கும் என் மகளும் அதையேதான் சொல்கிறாள். ஆனால் அது 1984இல் நடந்தது. இன்றைக்கும் ஹைட்ரஜன் காரில் இருப்பது உயர் அழுத்த சிலிண்டர்தானே? மாதத்துக்கு ஒரு 'புதிய சேமிப்புப் பொருள்' செய்தி வருகிறது, அப்புறம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. இதெல்லாம் வெறும் காகித ஆராய்ச்சியா? மகள் இதில் பிஎச்.டி. சேரப்போகிறேன் என்கிறாள், அதனால்தான் கேட்கிறேன்.

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

ஆமாம், சிலிண்டர்தான். 2014இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா மிராயில் இருந்தது 700 பார் அழுத்தம் தாங்கும், கார்பன் இழை சுற்றிய தொட்டி. அதில் அடங்கியது சுமார் ஐந்து கிலோ ஹைட்ரஜன். எடைக்கு எடை பார்த்தால் பெட்ரோலைவிட இரண்டரை மடங்குக்கு மேல் ஆற்றல் உள்ள பொருள்தான், ஆனால் சாதாரண அழுத்தத்தில் ஒரே ஒரு கிலோவுக்குப் பதினோரு கன மீட்டர் இடம் கேட்கும். திரவமாக்கலாம் என்றால் மைனஸ் 253 டிகிரிக்குப் போக வேண்டும்.

அதனால்தான் ஏதாவது ஒரு பொருளில் ஒட்டவைத்துப் பார்க்கிறார்கள். ஹைட்ரஜன் மூலக்கூறில் இருப்பது இரண்டே எலக்ட்ரான், இரண்டும் பிணைப்பிலேயே மாட்டிக்கொண்டவை, வெளியே கைநீட்ட ஒன்றும் இல்லை. கார்பன் பரப்பில் மோலுக்கு ஐந்து கிலோஜூல் அளவில்தான் ஒட்டும், திரவ நைட்ரஜன் ஊற்றிக் குளிர்வித்தால்தான் நிற்கும். மெக்னீசியம் இதற்கு நேர் எதிர். எடையில் 7.6 சதவீதம் வரை விழுங்கிக்கொள்ளும், ஆனால் பிடி மோலுக்கு 75 கிலோஜூல், திரும்ப வாங்க 300 டிகிரி வரை சூடாக்க வேண்டும். அறை வெப்பநிலையில் வாங்கவும் கொடுக்கவும் பதினைந்திலிருந்து இருபத்தைந்து கிலோஜூலுக்குள் ஒரு பிடி வேண்டும். மொத்தச் சிக்கலும் இதுதான்.

அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் கிரிகரி கூபாஸ் கையில் இருந்தது கருஊதா நிறமுள்ள ஒரு டங்ஸ்டன் சேர்மம். ஹைட்ரஜனைக் காட்டினால் மஞ்சளாகும், வெற்றிடத்தில் வைத்தால் பழைய ஊதாவுக்கே திரும்பும். உலோகத்தில் சேரும் ஹைட்ரஜன் இரண்டு அணுவாக உடைந்துவிடும் என்பதுதான் அன்றைய பாடம். இங்கே உடைந்ததா இல்லையா என்று பார்க்க, ஒரு அணுவுக்குப் பதில் டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன் அணு) உள்ள ஹைட்ரஜனைச் செலுத்தி என்.எம்.ஆர். (அணுக்கருக்களின் காந்த அதிர்வை அளக்கும் சோதனை) எடுத்தார்கள். தனியாக இருக்கும்போது அந்த இரண்டு அணுக்களுக்கிடையிலான இணைப்பளவு (ஒன்றின் கரு மற்றதை எவ்வளவு பாதிக்கிறது என்ற அளவு) 43 ஹெர்ட்ஸ். உடைந்திருந்தால் ஓரிரு ஹெர்ட்ஸுக்கு இறங்கியிருக்கும். சேர்மத்தில் வந்தது 33.5. பிணைப்பு நலிந்திருக்கிறது, அறுபடவில்லை! நியூட்ரான் கற்றை சிதறுவதை வைத்து அணுக்களின் இடத்தை அளக்கும் விளிம்பு விளைவுச் சோதனையும் அதையே காட்டியது: இரண்டு அணுக்களுக்கிடையே 0.74 ஆங்ஸ்ட்ராம் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) இருந்த இடைவெளி 0.82 ஆகியிருந்தது. ஹைட்ரஜன் தன் பிணைப்பு எலக்ட்ரானில் கொஞ்சம் உலோகத்துக்குத் தருகிறது, உலோகம் கொஞ்சம் திருப்பித் தருகிறது. திருப்பித் தருவது அளவு மீறினால் மூலக்கூறு உடைந்துவிடும். அந்த அளவை உலோகத்தை மாற்றியோ பக்கத்துத் தொகுதிகளை மாற்றியோ கூட்டிக் குறைக்கலாம் என்பதுதான் நான் பெரிது என்று சொன்ன விஷயம்.

அதற்காக அந்தச் சேர்மத்தையே தொட்டியில் கொட்ட முடியாது. மகளிடம் கணக்குப் போடச் சொல்லுங்கள்: ஐசோபுரோப்பைல் பாஸ்பீன் என்ற பக்கத்துத் தொகுதி உள்ள வடிவத்தின் மூலக்கூறு எடை 588, அது பிடிக்கும் ஹைட்ரஜன் 2. ஐந்து கிலோ ஹைட்ரஜனுக்கு ஏறக்குறைய ஒன்றரை டன் சேர்மம், கார் எடையே அவ்வளவுதான். இதே பிடியை இலேசான உலோகத்தில், நுண்துளைகள் நிறைந்த சட்டகத்தில் கொண்டுவர முடியுமா என்றுதான் பலரும் முட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

செய்திகளைப் பற்றி நீங்கள் சலித்துக்கொள்வது நியாயம்தான். 1998இல் கிராஃபைட் நானோ இழை எடையில் அறுபது சதவீதத்துக்கு மேல் ஹைட்ரஜனைப் பிடித்ததாக ஒரு கட்டுரை வந்தது. மற்ற ஆய்வகங்களில் அது திரும்ப வரவே இல்லை. 2005இல் டைட்டானியம் ஒட்டிய கார்பன் குழாய் 8 சதவீதம் வரை பிடிக்கும் என்று கணினிக் கணக்கு சொன்னது. கணக்கு தப்பில்லை, ஆனால் நிஜத்தில் டைட்டானியம் அணுக்கள் கணக்கில் வைத்த இடத்தில் தனித்தனியாக உட்காராது, ஒன்றோடொன்று சேர்ந்து திரண்டுகொள்ளும். அடுத்த செய்தி வரும்போது எந்த வெப்பநிலையில், எந்த அழுத்தத்தில், தொட்டி எடையையும் சேர்த்தா என்று மூன்றையும் தேடிப் பாருங்கள். பாதிச் செய்திகளில் மூன்றாவது இருக்காது.

எல்லாமே காகிதம் என்று சொல்லவும் மாட்டேன். ஜெர்மனியின் 212 வகை நீர்மூழ்கிகள் ஹைட்ரஜனை உலோக ஹைட்ரைடில்தான், அதாவது உலோகத்தோடு சேர்ந்த வடிவில்தான், வைத்திருக்கின்றன. நீர்மூழ்கிக்குக் கனம் ஒரு குறையே இல்லை. காருக்குத்தான் அது தலைவலி.

மகள் தாராளமாகச் சேரட்டும். கணக்கீடு மட்டும் செய்யும் குழுவாக இருந்தாலும் பரவாயில்லை, அவர்கள் சொல்லும் பொருளைச் செய்து அளந்து பார்க்கப் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று மட்டும் சேருவதற்கு முன்பே விசாரிக்கச் சொல்லுங்கள்.