முழு மயக்கமா, முதுகில் ஊசியா? உங்கள் அம்மாவைப் பற்றி
78 வயது அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிவு. இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக வைக்கும் முதுகு ஊசி வேண்டாம், முழு மயக்கம்தான் என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். முழு மயக்கம் கொடுத்தால் புத்தி தடுமாறிவிடுமோ என்று அறுவை சிகிச்சையையே தள்ளிப்போட நினைக்கிறீர்கள். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். படுத்தே இருந்தால் சளி, படுக்கைப்புண், ரத்தக்கட்டி என்று ஒவ்வொன்றாக வரும். வலியே குழப்பத்தைக் கூட்டும்.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. பல வருடங்களாக டாக்டர்களே அப்படித்தான் நினைத்தார்கள். 2021இல் வெளியான ரீகெய்ன் ஆய்வு அமெரிக்கா, கனடாவில் இதே முறிவுள்ள 1,600 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. அறுவைக்குப் பின் குழப்பம் வந்தவர்கள் முதுகு ஊசியில் 20.5 சதவீதம், முழு மயக்கத்தில் 19.7. வித்தியாசமே இல்லை என்றுதான் சொல்லவேண்டும். அடுத்த ஆண்டு சீனாவில் வந்த ஆய்வும் அதையே சொன்னது.

அம்மா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். டாக்டர் முதுகு ஊசி வேண்டாம் என்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். தண்டுவடத்தருகே ரத்தம் கசிந்தால் ஆபத்து. மாத்திரையின் பெயரையும் கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தையும் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லுங்கள். வலிக்கு, காலுக்குப் போகும் நரம்பைச் சுற்றி மரத்துப்போக வைக்கும் ஊசி போட முடியுமா என்றும் கேளுங்கள்.

கண் விழித்ததும் மூக்குக்கண்ணாடி, காதுக்கருவி கையில் இருக்கட்டும். முதல் இரவு நீங்களே பக்கத்தில் இருங்கள்.