பழைய டீசல் பிக்கப் வாங்கப் போகிறீர்களா? ஆறிப்போன இன்ஜினைக் காட்டச் சொல்லுங்கள்

கேள்வி: டைல்ஸும் சிமெண்ட் மூட்டையும் ஏற்றி வேலைக்குப் போக ஒரு பழைய டீசல் பிக்கப் தேடுகிறேன். புரோக்கர் ஒருவர் காட்டியது 5 வருட வண்டி, மீட்டரில் 62,000 கி.மீ., புது பெயிண்ட், சாவி போட்டதும் ஸ்டார்ட் ஆகிறது. இன்னொன்று 9 வருட வண்டி, 2,10,000 கி.மீ., ஒரே ஓனர், சர்வீஸ் பில் எல்லாம் வைத்திருக்கிறார், ஆனால் பார்க்கவே அழுக்காக இருக்கிறது. எதை நம்பி வாங்கலாம்?

பதில்: அழுக்கு வண்டியை முதலில் பாருங்கள். பில் இருக்கிறது, ஒரே கை. 2 லட்சம் கி.மீ. என்று கேட்டதும் பயப்பட வேண்டாம், நேரத்துக்கு ஆயிலும் ஃபில்டரும் மாற்றிய டீசல் இன்ஜினுக்கு அது பெரிய ஓட்டம் கிடையாது.

அந்த 62,000 இருக்கிறதே, அது மீட்டர் சொல்வது, அவ்வளவுதான். டிஜிட்டல் மீட்டரை ஒரு கருவியை மாட்டி சில நிமிடத்தில் குறைத்துவிடுவார்கள். பிரேக் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறதா, டிரைவர் சீட்டின் கதவுப் பக்க ஓரம் நைந்திருக்கிறதா என்று பாருங்கள், 62,000 ஓடிய வண்டியில் அப்படி இருக்காது. பெல்ஜியத்தில் 2006 முதல் கார்-பாஸ் என்று ஒரு ஏற்பாடு, ஒவ்வொரு சர்வீஸிலும் கி.மீ. பதிவாகி, விற்கும்போது அந்தக் காகிதத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். பிரிட்டனில் வருடாந்திரச் சோதனையில் எழுதும் கணக்கை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். செய்ய முடிகிற காரியம்தானே? மற்ற பல இடங்களில் வண்டியைச் சோதனைக்கு நிறுத்தி, விளக்கையும் ஹாரனையும் பார்த்து முத்திரை குத்தி அனுப்புகிறார்கள், மீட்டரில் என்ன இருந்தது என்று ஒரு வரி எழுதி வாங்குகிறவன் கண்ணில் படும்படி வைக்க மட்டும் இத்தனை வருடமாக யாருக்கும் மனசு வரவில்லை, அந்த ஒரு வரி இல்லாததால்தான் உழைக்கிறவன் சேர்த்து வைத்த பணம் போகிறது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். "சாவி போட்டதும் ஸ்டார்ட் ஆகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை மணிக்குப் போனீர்கள்? இன்ஜின் ஆறியிருந்ததா? டீசல் இன்ஜினில் தீப்பொறி பிளக் கிடையாது, காற்றை இறுக்கி அழுத்தும்போது வருகிற சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. உள்ளே பிஸ்டன் ரிங் தேய்ந்து அழுத்தம் குறைந்துபோன இன்ஜின்கூட, கொஞ்சம் சூடாக இருந்தால் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிவிடும். அதனால்தான் நீங்கள் வருவதற்கு அரை மணி முன்னால் ஒரு சுற்று ஓட்டி வைத்துவிடுகிறார்கள்.

நான் தெரிந்தவருக்காக ஒரு வண்டி பார்க்கக் காலை 6 மணிக்குப் போனேன். பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் மேல் கை வைத்தால் வெதுவெதுப்பு. கேட்டதற்கு, கழுவி இடம் மாற்றி நிறுத்தினோம் என்றார்கள். சரி என்று வந்துவிட்டு, மறுநாள் சொல்லாமல் போய் நின்றேன். செல்ஃப் அடித்து அடித்து மூன்றாவது தடவைதான் பிடித்தது, பின்னால் கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகை. முதல் நாள் பார்த்ததும் இதே வண்டிதான்.

ஸ்டார்ட் ஆனதும் ஐட்லிங்கில் விட்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அதே துளையின் மேல் தலைகீழாகச் சும்மா வையுங்கள். லேசாக நடுங்கினால் பரவாயில்லை. மூடி துள்ளி விழுந்து, ரயில் இன்ஜின் மாதிரி குபுகுபு என்று புகை வந்தால் அதுதான் பேக் கம்ப்ரஷன், அதாவது எரிந்த புகை தேய்ந்த ரிங்கைத் தாண்டிக் கீழே கசிகிறது, பெரிய செலவு காத்திருக்கிறது. சூடான பிறகும் நீலப் புகை நிற்காவிட்டால் ஆயில் எரிகிறது, ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போதெல்லாம் கரும்புகை தள்ளினால் இன்ஜெக்டரோ டர்போவோ தகராறாக இருக்கலாம். ரேடியேட்டர் மூடியை இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் திறங்கள்.

புது பெயிண்ட் அடித்த வண்டியில் நான் முதலில் குனிந்து பார்ப்பது அடியில். ஓவர் லோடு அடித்த வண்டியில் பின்பக்க சேசிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம், ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் விரிசல் விட்டு, வெல்டிங் வைத்து, அதன் மேல் கறுப்பு பெயிண்ட் பூசியிருப்பார்கள். பெயிண்டை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். சேசிஸில் வெல்டிங் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள், விலை குறைத்தாலும் வேண்டாம்.

குறைவாக ஓடிய வண்டி எப்போதும் நல்லது என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதிய டீசல் வண்டிகளில் புகைபோக்கியில் டிபிஎஃப் என்று ஒரு புகைக்கரி வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரி எரிந்து சுத்தமாக 550, 600 டிகிரி சூடு வேண்டும், அதற்கு வண்டி நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் விடாமல் ஓட வேண்டும். தினமும் 3 கி.மீ. போய் நின்ற வண்டியில் அது நடப்பதில்லை. கரியை எரிக்க இன்ஜின் கூடுதலாகத் தெளிக்கும் டீசல் ஆயிலோடு கலந்து, டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறைவதற்குப் பதிலாக ஏறியிருக்கும், முகர்ந்தால் டீசல் வாடை வரும். ஆயில் நிறைய இருக்கிறதே என்று சந்தோஷப்படாதீர்கள். இது உங்களுக்கும் பொருந்தும்: கடையிலிருந்து பக்கத்துத் தெரு சைட்டுக்கு மட்டும் போய் வருவதுதான் வேலை என்றால், டிபிஎஃப் உள்ள டீசல் வண்டி உங்கள் கையிலும் அடைத்துக்கொள்ளும். அப்போது பெட்ரோல் வண்டியே மேல். தினமும் ஒரு நீண்ட ஓட்டம் இருக்கிறது என்றால் இந்தக் கவலை வேண்டாம். "டிபிஎஃப்பை எடுத்துவிட்டோம், இனி தொல்லை இல்லை" என்று புரோக்கர் பெருமையாகச் சொன்னால் வாங்காதீர்கள், பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம், சோதனையில் மாட்டப்போவது நீங்கள்தான்.

புரோக்கரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பதிவுப் புத்தகத்தில் பெயர் உள்ளவர் நேரில் வர வேண்டும், சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் காகிதத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும், வண்டி மேல் கடன் இல்லை என்று எழுத்தில் வேண்டும். "இன்னொரு பார்ட்டி சாயங்காலம் வருகிறார்" என்று அவசரப்படுத்தினால் அந்தப் பார்ட்டியே வாங்கிக்கொள்ளட்டும்.

அந்த 9 வருட வண்டி ஓனருக்குப் போன் செய்து, காலையில் நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முந்தைய நாள் சாயங்காலமே போக முடிந்தால் இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்துவிட்டு வாருங்கள், காலையில் அதில் எத்தனை சொட்டு, என்ன நிறம், எந்த இடத்துக்கு நேர் கீழே என்று போட்டோ எடுத்து உங்கள் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.